தோட்டத்து வீட்டுச் சாப்பாடு: ரொட்டி, சம்பல், அப்புறம் நமக்குப் பிடிக்காததெல்லாம்

ஜனவரி 5, 2025 – ஒரு தம்பியோட கேள்வி

"அண்ணே, நான் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன், இப்ப கொழும்புல வேலை செய்றேன். எங்க ஆபிஸ்ல யாழ்ப்பாணத்தாளுக கூழு, ஒடியல் புட்டுன்னு பேசுறாங்க, மட்டக்களப்பாளுக மீனு தயிருன்னு பேசுறாங்க. உங்க ஊர்ச் சாப்பாடு என்னன்னு என்னையக் கேட்டா ரொட்டியும் சம்பலும்னு சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. நெசமாவே நமக்குன்னு வீட்டுச் சாப்பாடு ஏதாச்சும் இருக்கா, இல்ல மூணு வேளையும் மாவத் தின்னு வளந்தது தானா?"

ஜனவரி 5, இரவு

ரொட்டின்னு சொல்ல என்ன வெக்கம். கொழும்பு ஹோட்டல்ல கொத்துப் போடுற வீச்சு ரொட்டி வேற, அத விடு. நம்ம வீட்டு ரொட்டிக்கு கோதுமை மா, உப்பு, தண்ணி, காசு இருந்தா தேங்காய்ப்பூ, அவ்வளவு தான், பெசஞ்சு உருண்டை புடிச்சு கையால தட்டி தாச்சியில போட்டு ரெண்டு பக்கமும் அங்கங்க கருக ஆரம்பிச்சதும் எடுத்து, தணலுக்குப் பக்கத்துல ஓரத்தச் சாத்தி வைக்கணும், நடுவுல மெத்துன்னும் ஓரத்துல மொறுமொறுன்னும் வரும். அந்த ஓரத்தப் பிச்சு கட்டச்சம்பல்ல தொட்டு வாயில வச்சு ஒரு மொடக்கு சாயத்தண்ணி, பால் ஊத்தாத தேத்தண்ணி, குடி. அதுக்கு அப்புறமும் வெக்கமா இருந்தா சொல்லு, பேசலாம்.

மூணு வேளையும் ரொட்டின்னு எங்க வீட்டுல இருந்ததில்ல. காலையில ரொட்டி, மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறது ரொட்டி, ராத்திரிக்கு சோறு. பகலுக்கு எது இருக்கோ அது.

ஜனவரி 6

பண்டாரவளைக்காரர் ஒருத்தர் "மாசி போடாதது கட்டச்சம்பலே இல்ல"ன்னு அடிச்சு சொல்றாரு. மாசிங்கிறது காய வச்ச மீனு, மாலைதீவுச் சரக்கு சார், அது எல்லா வீட்டு அஞ்சறைப் பெட்டியிலயும் இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்களா. எங்க அம்மா நெத்தலிய தாச்சியில வெறும வறுத்து, தலையக் கிள்ளி எறிஞ்சுட்டு, செத்தமிளகாய் சின்ன வெங்காயத்தோட அம்மியில வச்சு ஒரு இழுப்பு இழுப்பாங்க. தேசிக்காய், அதான் எலுமிச்சை, கடைசியில தான். மிக்ஸியில அடிச்சா வெங்காயம் தண்ணி விட்டு கூழாயிரும், அத சம்பல்னு என் தட்டுல வைக்காதீங்க.

மாசி போட்டதும் நல்லா தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா நாக்கு முதல்ல எதுல பழகுச்சோ அதத்தான் தேடும்.

ஜனவரி 8

"காசு இருந்தா தேங்காய்ப்பூ"ன்னு எழுதினத ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க. இலங்கையில தேங்காய்க்குப் பஞ்சமான்னு கேக்கறவங்க கீழ்நாட்டு ஆளுக. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம் பொறந்தவங்களுக்கு தென்னை வீட்டு முத்தத்துல நிக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா உயரத்துல தென்னை ஒழுங்கா காய்க்காது, குளிர் தாங்காது. நாங்க தின்ன ஒவ்வொரு தேங்காயும் லொறியில ஏறி வந்த தேங்காய். அதனால ஒரு காய ஒடச்சா ஒரு மூடி இன்னைக்கு, மறு மூடி உப்புத் தடவி நாளைக்கு. முதப் பால் கறிக்கு, ரெண்டாம் பால் சொதிக்கு, சக்கைய வறுத்து சம்பல்ல சேக்கிற வீடும் இருந்துச்சு.

2025 ஜனவரியில ஒரு காய் இருநூறு ரூவாயத் தாண்டி நின்னுச்சு. கீழ்நாட்டு ஆளுகளும் அந்த மாசம் அரை மூடிக் கணக்குக்கு வந்துட்டாங்க. வாங்க வாங்க.

என் வீட்டுக்காரி மாத்தளை. அங்க தென்னையும் உண்டு பலாவும் உண்டு, அவ வீட்டுல எல்லாக் கறிக்கும் பால். கல்யாணமான புதுசுல நான் வச்ச பருப்பப் பாத்துட்டு "இது என்னங்க ஆஸ்பத்திரிப் பருப்பு மாதிரி"ன்னா. பால் விடாம மஞ்சள், பூண்டு, பச்சமிளகாய் போட்டு கடைஞ்சு, கடுகும் செத்தமிளகாயும் தாளிச்ச பருப்பு எனக்கு இன்னைக்கும் பிடிக்கும். அவளுக்கு இன்னைக்கும் பிடிக்காது. ரெண்டு சட்டி வைக்கிறோம்.

ஜனவரி 9

மா எப்படி வந்துச்சுங்கிற கதைய பதுளை தம்பி கேட்டிருக்காரு. பரம்பரை பரம்பரையா நம்ம ஆளுக ரொட்டி தின்னவங்க இல்ல. திருச்சி, சேலம், புதுக்கோட்டை பக்கத்துலேருந்து வந்த சனம் சோறும் கஞ்சியும் கேப்பையும் தின்ன சனம். தோட்டத்துல அரிசிய நிர்வாகமே கொடுத்து அந்தக் காசச் சம்பளத்துல புடிச்சுக்கும், அப்படித்தான் ரொம்பக் காலம் ஓடுச்சு. இந்த நாட்டுல கோதுமை வெளையாது, முழுக்க கப்பல்ல தான் வருது. கோதுமைய விட மலிவா வயித்த அடைக்க வேற ஒன்னும் கிடைக்காம போனப்போ ரொட்டி குடியேறிடுச்சு, அப்புறம் எறங்கவே இல்ல.

1973, 74 பஞ்சத்த எங்க அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கேன். அரிசி பங்கீட்டக் கொறச்சாங்க, மாவும் கிடைக்கல, பாணுக்கு விடிய முன்னமே கியூ. அரிசிய ஊருக்கு ஊரு கொண்டு போகத் தடை, வழியில மறிச்சு பைய சோதிப்பாங்க. தோட்டங்கள்ல பட்டினியில செத்தவங்க உண்டு. மரவள்ளிக்கிழங்கு, காட்டுக்கீரை, பலாக்கொட்டை, இதத் தின்னு மிச்ச சனம் பொழச்சுச்சு. அம்மாயி சாகுற வரைக்கும் மரவள்ளிய தொட மாட்டாங்க. எனக்கோ மரவள்ளின்னா உசிரு, அவிச்சு கட்டச்சம்பலோட. ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில இருந்திருக்கோம், நான் திங்கும்போது அவங்க மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க.

1980ல திருகோணமலையில பிரீமா மா ஆலை ஓட ஆரம்பிச்ச பிறகு மா தாராளமா வந்துச்சு. அதுக்கப்புறம் 2022 வரைக்கும் மா இல்லாத ஒரு காலைய நான் பாத்ததில்ல. 2022ல மா விலை அரிசி விலையத் தாண்டிப் போனப்போ தான் எங்க லயத்துல, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள்ல, பாதிப் பேரு காலையிலயும் சோறாக்க ஆரம்பிச்சாங்க. ஏழை சாப்பாடுன்னு சொன்ன ரொட்டி அந்த வருஷம் பணக்காரச் சாப்பாடாயிடுச்சு.

ஜனவரி 10

கேப்பை இப்ப "குரக்கன்"னு பாக்கெட்டுல வருது, டயபட்டீஸுக்கு நல்லதுன்னு டொக்டர் எழுதித் தாராரு. விட்டுட்டு வந்தத காசு குடுத்து வாங்குறோம். சரி.

ஜனவரி 12, ஞாயிறு

தம்பி கேட்ட கேள்வி மண்டைக்குள்ளயே நிக்குது. நமக்குன்னு சாப்பாடு இருக்கான்னா, இருக்கு, ஆனா அத பலகாரப் பட்டியல் மாதிரி தேடினா கிடைக்காது. நேரத்த வச்சுப் பாக்கணும்.

எங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க. கோழி கூவ முன்னம் எந்திரிச்சு அடுப்பு மூட்டணும், அடுப்புக்கு கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறு, அதாவது செடியக் குறைச்சு வெட்டுன குச்சி, அது மழையில நனைஞ்சிருந்தா ஊதி ஊதியே பாதி நேரம் போயிரும், வீடு முழுக்க பொகை. தண்ணி பீலியிலேருந்து வரணும். புள்ளைகள எழுப்பி, பள்ளிக்கூடத்துக்கு ஒன்ன, கைப்பிள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு ஒன்ன அனுப்பி, வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்கு நேரத்துக்கு நிக்கணும், லேட்டானா அன்னைக்கு வேலைக் கணக்குல பேரு விழாது. திரும்பி வாறப்போ சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிஞ்சிருக்கும். அட்டை கடிச்ச காலக் கழுவிட்டு மறுபடி அதே அடுப்பு.

இந்த நேரத்துக்குள்ள என்ன சமைக்க முடியுமோ அது தான் மலையகச் சாப்பாடு. ரொட்டிக்கு ஊற வைக்கத் தேவையில்ல, அரைக்கத் தேவையில்ல, மலையில பையில ஈரம் பட்டாலும் கெடாது, ஒரு கையில புடிச்சு நின்னுக்கிட்டே திங்கலாம். மைசூர்ப் பருப்பு ஏன் நம்ம எல்லா வீட்டுலயும் இருக்குன்னு நெனச்சுப் பாருங்க, அது அவுஸ்திரேலியாவுலேருந்தும் கனடாவுலேருந்தும் வருது, நம்ம ஊர்ப் பொருளே இல்ல, ஆனா தோலு இல்லாத சின்னப் பருப்பு, ஊற வைக்காமலே சட்டுன்னு வெந்துரும். கருவாடு அப்படி. முட்டை அப்படி. இட்லி, தோசை, வடை எல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் தான், ஏன்னா உளுந்து ஊறணும், ஆட்டணும், பொங்கணும், அதுக்கு வீட்டுல ஒரு ஆளு நிக்கணும். ஆளு எங்க இருந்துச்சு, ஆளு மலையில நின்னுச்சு.

அதனால ருசி கொறஞ்ச சாப்பாடுன்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும். பதினஞ்சு நிமிஷத்துல அந்தப் பொகைக்குள்ள கண்ணு எரிய எரிய அந்த ருசிய கொண்டு வந்தவங்க.

ஜனவரி 13

மாத்தளை அக்கா ஒருத்தங்க எழுதியிருக்காங்க: "அம்மா அம்மான்னு எழுதுறீங்களே, அப்பா மலையில வேலை முடிஞ்சு ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்திருப்பாரே, அவரு அடுப்பு பத்த வச்சாரா?"

வைக்கல அக்கா. கவ்வாத்து, முள்ளால மண்ணக் குத்திக் கிளர்றது எல்லாம் கணக்கு வேலை, அளந்து குடுத்தத முடிச்சா போதும், ஆம்பளைகளுக்கு வெள்ளன முடியும். வந்து குளிச்சுட்டு சந்திக்குப் போவாரு. நேரம் இல்லாம போனது வீட்டுக்கு இல்ல, வீட்டுல ஒரு ஆளுக்கு மட்டும் தான். நேத்து எழுதினதோட இதையும் சேத்துப் படிங்க.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். சிவப்புப் பச்சையரிசி தேடி டவுன் முழுக்க அலைஞ்சு, கிடைக்காம வெள்ளைப் பச்சையில பொங்குனோம். தேங்காய்ப் பாலுக்கு பதிலா பாதி பசும்பால். பயறு வறுத்தது மட்டும் கொறைவில்ல. மகன் ஒரு கரண்டி தின்னுட்டு "கேக் இல்லையா"ங்கிறான்.

ஜனவரி 15

நானுஓயாவுலேருந்து ஒரு தங்கச்சி: வேலைக்குப் போற வீடுன்னாலும் இப்ப கிரைண்டர் இருக்கு, ஆனா இந்த மாசத்துல இட்லி மா பொங்கவே மாட்டேங்குது, ராத்திரி வச்சது காலையில வச்ச மாதிரியே கிடக்கு.

பொங்காது தான். நுவரெலியா கடல் மட்டத்துலேருந்து 1868 மீட்டர், ஜனவரி ராத்திரியில பத்து டிகிரிக்குக் கீழ போகுது, புல்லுல பனி உறையுது, மா புளிக்கிறதுக்கு இருபத்தஞ்சு முப்பது டிகிரியாச்சும் வேணும். நாங்க செய்றது: வெந்தயம் கொஞ்சம் கூட ஊற வச்சு அரைக்கிறது, வெதுவெதுப்பான தண்ணி விட்டு ஆட்டுறது, கையால நல்லா கலக்குறது, பானைய கம்பளியில சுத்தி அடுப்புத் திண்டுல வைக்கிறது. அப்பவும் ஒரு ராத்திரி போதாது, மறுநாள் மத்தியானம் வரைக்கும் விடுங்க. ரைஸ் குக்கர்ல வார்ம் போட்டு வைக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அந்தச் சூட்டுல மா புளிக்காது, வெந்து போகும்.

அதே உயரத்தால தான் கடலையும் சிவப்புப் போஞ்சிக் கொட்டையும் வேகாம மல்லுக்கட்டுது. கடல் மட்டத்துல தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும், நுவரெலியாவுல தொண்ணூத்தி நாலு கிட்டவே கொதிச்சுரும், எவ்வளவு விறகு வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. பிரஷர் குக்கர் வாங்குங்க. வேற வழி இல்ல.

ஜனவரி 19

எல்லாரும் பிடிச்சதையே எழுதுறாங்க, நான் பிடிக்காதத எழுதுறேன்.

சோயா மீட். எந்த மசாலாவுல போட்டாலும் எனக்கு அது ஊறின ஸ்பொன்ஞ் தான். எறச்சி மாதிரியே இருக்குன்னு சொல்றவங்க எறச்சிய மறந்துட்டாங்க.

பீட்ரூட் பால்கறி. இனிப்பா ஒரு கறி எதுக்கு? சோறு முழுக்க ரோஸ் கலராகி புள்ளைகளுக்கு வெளையாட்டா இருக்கும், எனக்கு வேணாம். வதக்கி மிளகு போட்டா பரவாயில்ல.

செமன் டின்ன, அந்த டின் மீன, அப்படியே தொறந்து தட்டுல கவுக்கிறது. அத வெங்காயம், கறி மிளகாய், தேசிக்காய் போட்டு பிரட்டி எடுத்தா மட்டும் ஒத்துக்குவேன்.

மேரக்காய், சௌசௌன்னும் சொல்லுவாங்க. இது பெரிய கதை. எங்க லயத்துக்குப் பின்னால பந்தல்ல அது பாட்டுக்குக் காய்க்கும், உரம் வேணாம், மருந்து வேணாம், நிறுத்தவே நிறுத்தாது. அதனால வாரம் பூரா மேரக்காய், பருப்புல மேரக்காய், கருவாட்டுல மேரக்காய், வெறும் மேரக்காய், எங்க தம்பி ஒரு நாள் ராத்திரி கத்தியோட போய் கொடிய வேரோட அறுத்துட்டான், அடுத்த மழைக்கு அது பக்கத்து வீட்டுப் பந்தல்லேருந்து எங்க வீட்டுக்கே திரும்பி வந்துச்சு. வெறுத்துட்டேன். இப்ப டவுன்ல காசு குடுத்து வாங்கும்போது தான் யோசிக்கிறேன், காய்க்கு ருசி இல்லன்னு சொன்னது சரியான்னு. எந்தக் குழம்புல போட்டாலும் அதோட ருசிய எடுத்துக்குது, கருவாட்டுக் குழம்புல வெந்த மேரக்காய் துண்டுக்கு இப்ப நான் தான் மொத ஆளு. அப்புறம் அந்தக் கொழுந்து இருக்கே, கொடியோட நுனி, அத வெங்காயத்தோட வதக்கினா காய விட பத்து மடங்கு மேல்.

ஜனவரி 20

மேரக்காய்க்கு வக்காலத்து வாங்கி இவ்வளவு பேரு வருவீங்கன்னு நெனைக்கல. சோயா மீட்டுக்கு ஒருத்தரும் வரல, கவனிச்சீங்களா.

ஜனவரி 22

கீரை பத்திக் கேட்ட மஸ்கெலியா தம்பிக்கு. எங்க அம்மா மலையிலேருந்து வாறப்போ இடுப்புல கட்டுன இரட்டுச் சாக்கு மடியில கீரை இருக்கும், வல்லாரை, மணத்தக்காளி, தேயிலைக்கு நடுவுல தன்னால மொளைச்சது. வல்லாரைய பொடியா அரிஞ்சு வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய் போட்டு பச்சையா சம்பல் பண்ணினா ரொட்டிக்கு மேல வைக்க அத விட நல்லது இல்ல.

ஆனா இப்ப தேயிலைக்கு நடுவுல பறிக்காதீங்க. கிளைபோசேட் களைக்கொல்லிய 2015ல தடை பண்ணினாங்க, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுபடி விட்டாங்க. எந்த மலையில எப்ப அடிச்சாங்கன்னு பறிக்கிற புள்ளைக்குத் தெரியாது. அடிச்ச மறுநாளும் கீரை பச்சையா தான் நிக்கும், வாடுறதுக்கு நாள் எடுக்கும். வீட்டுப் பக்கம் ஒரு சாக்குல மண்ணப் போட்டு வல்லாரை வைங்க, ஈரம் இருந்தா போதும், பிடிச்சுக்கும்.

ஜனவரி 26

ஞாயித்துக்கிழமை, மழை, வீட்டுல சும்மா இருக்கேன், அதனால உருளைக்கிழங்கு சண்டை.

நுவரெலியா கிழங்கு, வெலிமடைக் கிழங்கு, பாகிஸ்தான் கிழங்கு. கடைக்காரரு மூணையும் பக்கத்துல பக்கத்துல குமிச்சு வச்சிருப்பாரு. நம்ம ஊர்க் கிழங்குல செம்மண்ணு ஒட்டியிருக்கும்னு பாத்து வாங்குவோம், இப்ப வெளிநாட்டுக் கிழங்குக்கும் மண்ணப் பூசி விக்கிறாங்கன்னு பேச்சு, என் கண்ணால பாக்கல. அவிச்சுப் பாத்தா தெரிஞ்சுரும், நம்மது மாப்பிடிச்சு உதிரும், மத்தது வழவழன்னு நிக்கும். பிரட்டலுக்கு வழவழ கிழங்கே நல்லது. இத வீட்டுல சொன்னதுக்கு எனக்கு தேசத்துரோகிப் பட்டம் கிடைச்சிருக்கு.

லீக்ஸ் பத்தி ஒரே ஒரு விசயம்: பச்சைப் பகுதிய வெட்டி எறியிறவங்கள மன்னிக்கவே முடியாது. மண்ணு போக நீளவாக்குல கீறி அலசி, மொத்தமும் அரிஞ்சு முட்டையோட வறுங்க.

பெப்ரவரி 2

தேத்தண்ணிய பத்தி எழுதலையேன்னு கேக்குறாங்க. இந்த நாட்டுல வெளையிற தேயிலையில நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல ஏத்துமதி. தோட்டத்துல மாசத்துக்கு குடுத்த தூளத் தான் நாங்க குடிச்சோம், சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டு. பால் தேத்தண்ணி விருந்தாளி வந்தா. எனக்கு இன்னும் பால் தேத்தண்ணி குடிச்சா யாரோ வந்திருக்காங்கன்னு ஒரு நெனப்பு.

இப்ப சீனி கொறைக்கச் சொல்லிட்டாங்க. உள்ளங்கையில ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி வச்சிருக்கேன், அதுவும் சீனி தான்னு மக சொல்றா. அவ நர்ஸ். பேசாம இருக்கேன்.

பெப்ரவரி 3

திரிபோஷா! கினிகத்தேனைக்காரர் ஞாபகப்படுத்திட்டாரு. கிளினிக்குல தங்கச்சிக்குன்னு குடுத்தத நாங்க எல்லாரும் தின்னோம். சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு பெசஞ்சு உருண்டை. சத்துக்காக எடை பாத்துக் குடுக்குற மாவுன்னு எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு அது பலகாரம். தங்கச்சியோட எடை ஏறலன்னு மிட்வைஃப் அம்மாவத் திட்டினப்போ நானும் தம்பியும் கதவுக்குப் பின்னால நின்னோம், ரெண்டு பேரு வாயிலயும் உருண்டை.

பெப்ரவரி 9

கேள்வி கேட்ட கொழும்புத் தம்பி கடைசியா வந்திருக்காரு. ஆபிஸ்ல எல்லாரும் வீட்டுலேருந்து ஒன்னு கொண்டு வாற நாளாம், என்ன கொண்டு போகன்னு கேக்குறாரு. ரொட்டி ஆறினா இறுகிரும், கூடவே தொட்டுக்க சரியா இருந்தா தான் எடுபடும். மரத்தக்காளிச் சம்பல் கொண்டு போங்க, அது கீழ லேசுல கிடைக்காது, நுவரெலியா பக்கம் சந்தையில பாக்கலாம்.

நல்லா செவந்த பழமா ஆறேழு எடுத்து தணல்ல, இல்ல கேஸ் அடுப்பு நெருப்புல நேரா சுடுங்க, தோலு வெடிச்சு கருகணும். தோல உரிச்சுருங்க, அது கசக்கும். செத்தமிளகாயச் சுட்டு உப்போட அம்மியில நுணுக்கிட்டு, சின்ன வெங்காயத்த தட்டிப் போட்டு, அப்புறம் பழத்த கையால நசுக்கிச் சேருங்க, அரைக்க வேணாம், விதை அப்படியே இருக்கட்டும். வறுத்த நெத்தலி தனியா கொண்டு போங்க, திங்கிற நேரத்துல போட்டா தான் மொறுமொறுன்னு இருக்கும், சைவக்காரங்க இருந்தா அவங்களுக்கும் வசதி. தேசிக்காய் வேணாம், பழத்துலயே புளிப்பு இருக்கு. ரொட்டிய காலையில சுட்டு துணியில சுத்தி எடுங்க, பிளாஸ்டிக் பெட்டியில போட்டா வேத்துரும்.